மஸ்க் எதிர்ப்பொருள் என் தங்கைக்கு நோய் தருகிறது, எலிக்கு அதுவே மருந்தாம். எப்படி?

#1 வைகைக்கரை

வணக்கம். இந்தக் குழுவைப் பல ஆண்டுகளாகப் படித்துவருகிறேன். எழுதுவது இதுதான் முதல் முறை.

என் தங்கைக்கு 34 வயது. போன ஆண்டு ஆடி மாதம் அவளுக்குப் பேச்சு மூக்கால் வர ஆரம்பித்தது. காலையில் நன்றாகப் பேசுவாள். மதியச் சாப்பாட்டு நேரத்துக்குள் குரல் குழைந்துவிடும். பிறகு மெல்லுவதும் சிரமமானது. ஒரு தோசையைச் சாப்பிட்டு முடிக்க நாற்பது நிமிடம். பாதி தோசைக்குப் பிறகு இடது உள்ளங்கையால் தாடையைத் தாங்கிக்கொண்டுதான் மெல்லுவாள். பார்ப்பவர்களுக்கு ஏதோ யோசனையில் உட்கார்ந்திருப்பதுபோல் தோன்றும். தண்ணீர் குடித்தால் மூக்கு வழியே வந்துவிடும்.

முதலில் காட்டிய மருத்துவமனையில் மனக்கவலை என்று சொல்லித் தூக்க மாத்திரை எழுதிக்கொடுத்தார்கள். குடும்பத்திலும் சிலர் அதைப் பிடித்துக்கொண்டார்கள்: "மாமியார் வீட்டில் ஏதாவது பிரச்சினையா?" ஏழு மாதம் இப்படியே போனது. பிறகு வேறொரு நரம்பியல் மருத்துவர் அவளை ஒன்றிலிருந்து ஐம்பது வரை உரக்க எண்ணச் சொன்னார். இருபத்தைந்தைத் தாண்டியதும் சொல் தெளிவிழந்தது. முப்பத்திரண்டு என்று அவள் சொன்னது எனக்கே புரியவில்லை. அவர் போதும் என்று கையைக் காட்டிவிட்டு இரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். தசைகள் சீக்கிரம் சோர்ந்து தளரும் மயஸ்தீனியா என்ற நோய்க்கான வழக்கமான பரிசோதனையில் ஒன்றும் இல்லை. அடுத்த பரிசோதனையில் மஸ்க் என்ற தசைப் புரதத்துக்கு எதிரான எதிர்ப்பொருள் (கிருமிகளைப் பிடிக்க உடல் சுரக்கும் புரதம்) இருப்பது தெரிந்தது.

அன்றிலிருந்து மஸ்க் என்று எங்கே கண்டாலும் படிக்கிறேன். ஸ்டீவன் பர்டன் என்ற அமெரிக்க நரம்பியல் அறிஞரின் ஆய்வு கண்ணில் பட்டது. மயஸ்தீனியா உள்ள எலிக்குட்டிகளுக்கு மஸ்கைப் பிடிக்கும் எதிர்ப்பொருளை ஊசியாகப் போட்டு உயிர் பிழைக்க வைத்திருக்கிறார்களாம். என் தங்கையைப் படுத்துவதே மஸ்க் எதிர்ப்பொருள்தானே? நான் தப்பாகப் படித்துவிட்டேனா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 ஒற்றைவரி

தலைப்பில் மஸ்க் என்றதும் ராக்கெட் விடுகிறவரைப் பற்றிய இழை என்று நினைத்து உள்ளே வந்துவிட்டேன். மன்னியுங்கள் அக்கா. தங்கை சீக்கிரம் குணமாகட்டும்.

#3 நுண்ணோக்கி

வைகைக்கரை அம்மா, நீங்கள் சரியாகத்தான் படித்திருக்கிறீர்கள். நான் மருத்துவன் அல்ல. ஆய்வகத்தில் எலிகளோடு காலந்தள்ளுகிறவன். பதிலுக்கு வருமுன் கொஞ்சம் பின்னால் போக வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நரம்பு தசையைத் தொடுவதில்லை. நடுவில் சுமார் 50 நானோமீட்டர் இடைவெளி. நரம்பு முனை அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளைக் கக்குகிறது. எதிர்க்கரையில், தசையின் மேல், அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகள் இருக்கின்றன. நரம்பு முனைக்கு நேர் எதிரே ஒரு சதுர மைக்ரோமீட்டருக்கு 10,000 ஏற்பிகள் என்கிற அளவுக்கு நெரிசல். கொஞ்சம் தள்ளிப் போனால் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. தேர் நிற்கும் இடத்தில் கால் வைக்க இடமில்லாத கூட்டம், நாலு வீடு தள்ளித் தெருவே காலி என்பதுபோல.

இந்தக் கூட்டத்துக்கு இடம் காட்டியது யார்? பர்டன் இளைஞராக இருந்தபோது பிடித்துக்கொண்ட கேள்வி இது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அதை விடவில்லை.

1979-இல் ஜாக் மெக்மஹன், பீட்டர் சார்ஜென்ட் இருவரோடும் சேர்ந்து அவர் வெளியிட்ட தவளைச் சோதனையை முதன்முதலில் படித்தபோது எழுந்து நின்றுவிட்டேன். ஒவ்வொரு தசை நாரையும் சுற்றி மெல்லிய உறை ஒன்று இருக்கிறது. தவளையின் தசை நாரையும் சாகடித்தார்கள், அதற்கு வரும் நரம்பையும் சாகடித்தார்கள். பாம்பு உரித்துப்போட்ட சட்டை மாதிரி உறை மட்டும் மிஞ்சியது. சில வாரங்களில் அந்த உறைக்குள்ளேயே புதுத் தசை நார் வளர்ந்தது. நரம்பு மட்டும் திரும்பி வராதபடி பார்த்துக்கொண்டார்கள். ஆக, இந்தப் புதுத் தசை நரம்பு என்ற ஒன்றைச் சந்தித்ததே கிடையாது. ஆனாலும் அதன் ஏற்பிகள் வந்து குவிந்தது எங்கே என்று நினைக்கிறீர்கள்? பழைய நரம்பு முன்பு உட்கார்ந்திருந்த அதே இடத்தில்.

முகவரி உறையில் எழுதப்பட்டிருந்தது. முந்தைய ஆண்டு அதே குழுவில் ஜோஷுவா சேன்ஸ் இதற்கு மறுபாதியைக் காட்டியிருந்தார். தசை வளராமல் தடுத்து நரம்பை மட்டும் வரவிட்டால், அதுவும் வெற்று உறையின் மேல் பழைய இடத்தைத் தேடிப் போய் உட்கார்ந்துகொள்கிறது.

அந்த எழுத்து எந்தப் பொருளால் ஆனது? மெக்மஹன் குழு அதைத் தேடிப் போனது மின்சாரத் திருக்கை மீனிடம். அந்த மீனின் மின்னுறுப்பு தசையிலிருந்து உருமாறியது. நரம்பு வந்து சேரும் இத்தகைய சந்திப்புகள் அதில் அடுக்கடுக்காக உள்ளன. அங்கே கிடைத்த புரதத்துக்கு அக்ரின் என்று பெயர் வைத்தார்கள். ஒன்றுகூட்டு என்ற பொருள் தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. நரம்பு அக்ரினைச் சுரந்து உறையில் பதித்துவிட்டுப் போகிறது.

அக்ரின் சொல்வதைத் தசையில் கேட்பது யார்? 1993-இல் பர்டனின் ஆய்வகம் அதே மீனின் மின்னுறுப்பிலிருந்து, தசைக்கே உரிய புதிய ஏற்பி நொதி ஒன்றைப் பிரித்தது. மஸ்க் என்ற பெயர் பிறகு வந்தது. 1996-இல் மஸ்க் இல்லாத எலிகளை உருவாக்கினார்கள். குட்டிகள் பிறந்ததும் இறந்துபோயின. மூச்சு இழுக்கத் தசை அசையவில்லை. உதரவிதானத்தில் நரம்பு வந்திருக்கிறது, தசையும் இருக்கிறது, சந்திப்பு மட்டும் இல்லை.

மீதியை நாளை எழுதுகிறேன். ஆய்வகத்தில் அலாரம் அடிக்கிறது.

#4 பழைய வாத்தியார்

தம்பி நுண்ணோக்கி, நன்றாக எழுதுகிறீர்கள். ஆனால் பெர்னார்ட் காட்ஸ் பெயரைச் சொல்லாமல் நரம்பு-தசைச் சந்திப்பைப் பற்றி எழுதுவது மாப்பிள்ளை இல்லாமல் முகூர்த்தம் வைத்ததுபோல் இருக்கிறது.

நான் முப்பத்தொரு ஆண்டு விலங்கியல் நடத்தியவன். எங்கள் காலத்தில் தவளையின் கெண்டைக்கால் தசையை நரம்போடு எடுத்து, நெம்புகோலில் கட்டி, கைமோகிராஃப் உருளையில் சுற்றிய தாளில் மண்ணெண்ணெய் விளக்குப் புகையைப் படிய வைத்து, அதில் தசை துடிப்பதைக் கோடாக வரைய வேண்டும். கோட்டை அழியாமல் வார்னிஷில் தோய்த்து எடுப்பதற்குள் பாதி மாணவர்களின் சட்டையில் கரி. மதிப்பெண் கோட்டுக்குத்தான், சட்டைக்கு இல்லை.

காட்ஸ் 1935-இல் ஹிட்லரின் ஜெர்மனியை விட்டு வெளியேறி லண்டனில் ஏ.வி. ஹில்லிடம் சேர்ந்தவர். பிறகு பால் ஃபாட்டுடன் சேர்ந்து தவளைத் தசையில் நுண்மின்முனையைச் செருகிப் பார்த்தபோது, நரம்பை யாரும் தூண்டாத நேரத்திலும் குட்டிக் குட்டி மின்துடிப்புகள் வந்துகொண்டே இருந்தன. ஒவ்வொன்றும் ஏறக்குறைய அரை மில்லிவோல்ட். கருவியின் கோளாறு என்று ஒதுக்கியிருக்கலாம். அவர்கள் ஒதுக்கவில்லை. நரம்பு அசிட்டைல்கோலினைச் சொட்டுச் சொட்டாகக் கசியவிடுவதில்லை, ஆயிரக்கணக்கான மூலக்கூறுகள் கொண்ட பொட்டலம் பொட்டலமாக வீசுகிறது என்பது அந்த வழியில்தான் தெரிய வந்தது. 1970-இல் நோபல் பரிசு. உங்கள் பர்டனுக்குக் கொடுத்தார்களா?

#5 நுண்ணோக்கி

ஐயா, கொடுக்கவில்லை. காட்ஸை விட்டது என் பிழை, ஒப்புக்கொள்கிறேன்.

நீங்கள் சொன்ன பொட்டலத்தில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. 1964-இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் மயஸ்தீனியா நோயாளிகளின் தசைத் துணுக்கில் அந்தக் குட்டித் துடிப்புகளை அளந்தார்கள். எல்லாமே சிறுத்திருந்தன. நரம்பு போடும் பொட்டலத்தில் சரக்குக் குறைவு என்று முடிவுகட்டினார்கள். ரேஷன் கடையில் எடை குறைந்தால் யாரும் அப்படித்தான் நினைப்போம். ஆனால் சரக்கு சரியாகத்தான் இருந்தது. வாங்குகிற பையில்தான் ஓட்டை. 1973-இல் ஃபாம்ப்ரோ, டிராக்மன், சத்தியமூர்த்தி மூவரும் (ஆம், சத்தியமூர்த்திதான்) ஏற்பிகளை நேரடியாக எண்ணிப் பார்த்து, நோயாளிகளிடம் அவை வெகுவாகக் குறைந்திருப்பதைக் காட்டினார்கள். அதே ஆண்டு பேட்ரிக்கும் லிண்ட்ஸ்ட்ராமும், மின்விலாங்கு மீனிலிருந்து எடுத்த ஏற்பியை முயல்களுக்குச் செலுத்தினார்கள். அவர்களுக்கு வேண்டியிருந்தது எதிர்ப்பொருள் மட்டும்தான். முயல்களோ துவண்டு விழுந்தன. மயஸ்தீனியாவுக்குக் கொடுக்கும் வகை மருந்தைக் கொடுத்ததும் தெளிந்தன. உடலின் எதிர்ப்பொருளே ஏற்பியைத் தாக்கினால் இந்த நோய் வரும் என்பது அந்த முயல்களால் வெளிச்சமானது.

ஏற்பிகளை எண்ணப் பயன்பட்டது பாம்பு விஷம். தைவானில் உள்ள கட்டுவிரியன் இனப் பாம்பின் விஷத்திலிருந்து பிரித்த புங்காரோடாக்சின், அசிட்டைல்கோலின் ஏற்பியைப் பிடித்தால் விடாது. அதில் கதிரியக்க அடையாளம் ஒட்டிவிட்டால் எண்ணுவது சுலபம்.

#6 பனங்கூடல்

பாம்பைப் பற்றி வந்தபடியால் நானும் ஒன்று சொல்கிறேன். நான் யாழ்ப்பாணத்தில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள். கட்டுவிரியனை எங்கள் பக்கம் எண்ணெய் விரியன் என்றும் சொல்வோம். பாயில் படுத்திருப்பவரை இரவில் கடிக்கும். வலி இராது, வீக்கம் இராது, பல சமயம் கடித்த தடமே இராது. விடியற்காலை எழுப்பினால் பிள்ளை கண்ணைத் திறக்காது. நித்திரை மயக்கம் என்று தாய் நினைப்பாள். பிள்ளைக்கோ நினைவு முழுதாக இருக்கும், இமையைத் தூக்கத்தான் முடியாது. விரலால் இமையைத் தூக்கிப் பிடித்தால் எங்களைப் பார்க்கும். பிறகு விழுங்க முடியாது, பிறகு மூச்சு. செயற்கைச் சுவாசம் கொடுத்து நாள்கணக்கில் காத்திருப்போம்.

நாகம் கடித்தவருக்கு நியோஸ்டிக்மின் ஊசி போட்டால் சிலருக்கு இமை மேலே எழும். விரியன் கடித்தவருக்கு அது அவ்வளவாகக் கேட்பதில்லை. நாகத்தின் விஷம் ஏற்பியை மறிக்கிறது, விரியனின் விஷம் நரம்பு முனையையே சிதைக்கிறது என்று வைத்தியர் ஒருவர் எங்களுக்குச் சொல்லித் தந்தார். வைகைக்கரை தங்கச்சி எழுதியதை வாசித்தபோது அந்த வார்டுதான் நினைவில் வந்தது. அதே இமை, அதே தொண்டை.

#7 பழைய வாத்தியார்

அம்மா, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன்.

ஒரு சிறு சேர்க்கை. புங்காரோடாக்சின் என்ற பெயர் நம் பக்கத்துச் சரக்கு. கோரமண்டல் கரையில் பாம்புகளைப் பட்டியலிட்ட பேட்ரிக் ரஸ்ஸல் 1796-இல் தெலுங்குக்காரர்கள் சொன்னபடி "பங்காரும் பாமா" என்று எழுதிவைத்தார். பங்காரு என்றால் தங்கம். அதிலிருந்து புங்காரஸ் என்ற பேரினப் பெயர், அதிலிருந்து இந்த நஞ்சின் பெயர். தைவான் பாம்பின் விஷத்துக்குத் தெலுங்குத் தங்கத்தின் பெயர்.

#8 வைகைக்கரை

எல்லாருக்கும் நன்றி. பனங்கூடல் அக்கா, உங்கள் பதிவைத் தங்கைக்குப் படித்துக் காட்டினேன். "விரலால் தூக்கிப் பிடித்தால் பார்க்கும்" என்ற இடத்தில் நிறுத்தச் சொல்லிவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தாள்.

ஆனால் நான் கேட்டது இன்னும் அப்படியே நிற்கிறது. தவளை வந்தது, முயல் வந்தது, பாம்பு வந்தது, தங்கமும் வந்தது. மஸ்க் எப்போது வரும் நுண்ணோக்கி அவர்களே?

#9 நுண்ணோக்கி

வருகிறது, வருகிறது.

மஸ்க் தனியாக வேலை செய்யாது. இரண்டு மஸ்க் பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றால்தான் ஒன்றை ஒன்று உசுப்பும். இரண்டையும் இணை சேர்ப்பது எல்.ஆர்.பி.4 என்ற இன்னொரு புரதம். அக்ரின் மஸ்கை நேரடியாகத் தொடுவதே இல்லை, எல்.ஆர்.பி.4-ஐத்தான் பிடிக்கிறது. இந்த இடைத்தரகரைக் கண்டுபிடிக்க 2008 வரை ஆனது. பர்டனின் ஆய்வகமும் லின் மெய்யின் ஆய்வகமும் தனித்தனியாக அதே ஆண்டில் கண்டுபிடித்தன. செல்லுக்குள்ளிருந்து மஸ்குக்குத் தோள் கொடுக்கும் டோக்-7 என்ற புரதத்தை 2006-இல் ஜப்பானில் யமானாஷி குழு கண்டிருந்தது.

இப்போது நுகத்தடியை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு காளை பூட்டினால்தான் ஏர் நகரும். சாதாரண எதிர்ப்பொருளுக்கு ஒய் எழுத்துப்போல் இரண்டு கை, இரண்டும் ஒரே பொருளைப் பிடிக்கும். இரண்டு கையாலும் ஆளுக்கொரு மஸ்கைப் பிடித்தால் அது நுகத்தடி, ஏர் நகர்ந்துவிடும். ஆனால் உங்கள் தங்கைக்கு இருப்பது பெரும்பாலும் ஐ.ஜி.ஜி.4 என்ற வகையாக இருக்கும். மஸ்க் மயஸ்தீனியாவில் அதுதான் வழக்கம். இந்த வகைக்கு ஒரு விசித்திரப் பழக்கம்: இரத்தத்தில் சுற்றும்போதே நடுவில் பிளந்து, வேறொரு ஐ.ஜி.ஜி.4-இன் பாதியோடு ஒட்டிக்கொள்ளும். ஒரு கை மஸ்கைப் பிடிக்கும். மறு கை ஏதோ மகரந்தத்துக்கோ வேறெதற்கோ உரியது. நுகத்தின் ஒரு முனையில் காளை, மறு முனையில் ஒன்றுமில்லை. ஏர் நகராது.

அதோடு போனால் பரவாயில்லை. அது பிடித்துக்கொள்ளும் இடமும் தப்பான இடம். எல்.ஆர்.பி.4 வந்து மஸ்கோடு சேரும் அதே பகுதியில் போய் உட்கார்ந்துகொள்கிறது. பூட்டாங்கயிறு கட்டும் இடத்தையே அடைத்துவிடுகிறது. தரகரும் சேர்த்துவைக்க முடியாது, அதுவும் சேர்த்துவைக்காது. மஸ்க் ஓய, ஏற்பிக் கூட்டம் கலைகிறது.

பர்டன் குழு தயாரித்த எதிர்ப்பொருளுக்கு இரண்டு கையும் மஸ்குக்கே. எல்.ஆர்.பி.4 சேரும் இடத்தை விட்டு, சவ்வுக்கு அருகில் உள்ள வேறு பகுதியைப் பிடிக்கும். பூட்டிவிடும் வேலையை அதுவே செய்துவிடுகிறது. ஒரே புரதம்தான். எத்தனை கையால், எந்த இடத்தில் பிடிக்கிறது என்பதில்தான் நோய்க்கும் மருந்துக்கும் வேறுபாடு.

#10 தஞ்சை நரம்பியல்

விளக்கம் அருமை. நோயாளி பக்கத்திலிருந்து சில வார்த்தைகள்.

அம்மா, நூறு மயஸ்தீனியா நோயாளிகளில் சுமார் 85 பேருக்கு எதிர்ப்பொருள் அசிட்டைல்கோலின் ஏற்பிக்கு எதிரானது. மஸ்க் வகை 5 முதல் 10 பேருக்குள். அது இருப்பதே 2001-இல்தான் தெரிந்தது. அதற்கு முன் இவர்களை எல்லாம் "பரிசோதனையில் ஒன்றுமில்லாதவர்கள்" என்ற கூடையில் போட்டிருந்தோம். இந்த வகையில் கண்ணை விடத் தொண்டை, தாடை, கழுத்து முந்திக்கொள்ளும். உங்கள் தங்கை தாடையைத் தாங்கிக்கொள்வது என்று எழுதினீர்களே, அதைப் படித்ததும் மஸ்க் என்று மனத்தில் பட்டது.

பைரிடோஸ்டிக்மின் மாத்திரை பற்றி ஒன்று. மற்ற மயஸ்தீனியாவில் அதுதான் முதல் துணை. மஸ்க் வகையில் பலருக்குப் பலன் குறைவு, தசைத் துடிப்பும் வயிற்றுப் பிடிப்பும் அதிகம். இமையோ கெண்டைக்காலோ தன்னால் துடித்தால் மருத்துவரிடம் சொல்லட்டும், தானாக மாத்திரையைக் கூட்டவோ நிறுத்தவோ வேண்டாம். தைமஸ் சுரப்பியை எடுக்கும் அறுவை சிகிச்சையும் இந்த வகைக்குப் பொதுவாக உதவுவதில்லை.

நல்ல செய்தி ரிட்டக்ஸிமாப். எதிர்ப்பொருள் சுரக்கும் அணுக்களின் தாய் அணுக்களை ஒழிக்கும் மருந்து. 2017-இல் வந்த ஆய்வில், அதைப் பெற்ற மஸ்க் நோயாளிகள் 24 பேரில் 58 விழுக்காட்டினர் நல்ல நிலையை எட்டினார்கள். பெறாத 31 பேரில் 16 விழுக்காடுதான். குலுக்கல் முறையில் பிரித்த ஆய்வு அல்ல, ஆனாலும் நாங்கள் நேரில் காண்பதோடு ஒத்துப்போகிறது. எதிர்ப்பொருளை இரத்தத்திலிருந்து சீக்கிரம் கழியவைக்கும் ரோசனோலிக்சிசுமாப் 2023-இல் அமெரிக்காவில் மஸ்க் வகைக்கும் சேர்த்து அனுமதி பெற்றது.

இன்னொன்று முக்கியம். சளி, காய்ச்சல் என்று எந்த மருத்துவரிடம் போனாலும், பல் பிடுங்கப் போனாலும், மயஸ்தீனியா இருக்கிறது என்று முதலில் சொல்ல வேண்டும். ஜென்டாமைசின் குடும்பம், சிப்ரோஃப்ளாக்சசின் குடும்பம், நரம்பில் ஏற்றும் மெக்னீசியம், சில இரத்த அழுத்த மாத்திரைகள் நிலைமையை மோசமாக்கலாம். ஒரு அட்டையில் எழுதிப் பணப்பையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். விழுங்கவே முடியவில்லை, மூச்சு வாங்குகிறது என்றால் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்கு வந்துவிட வேண்டும்.

பர்டனின் எதிர்ப்பொருள் உங்கள் தங்கைக்கு உரிய மருந்து என்று எண்ணிவிடாதீர்கள். அது குறிவைத்தது எதிர்ப்பொருளால் அல்லாமல் மரபணுப் பிழையால் வரும் பிறவி மயஸ்தீனியாவை.

#11 ஐயம்

எல்லாரும் கைதட்டுகிறீர்கள், நான் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுகிறேன்.

என் தந்தை, தசையை இயக்கும் நரம்பணுக்கள் அழியும் ஏ.எல்.எஸ். நோயில் காலமானார். முதலில் சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. இரண்டே ஆண்டு. அந்தக் காலத்தில் எலியில் வெற்றி கண்ட மருந்து ஒவ்வொன்றையும் தேடித் தேடிப் படித்தவன் நான். இதே மஸ்க் எதிர்ப்பொருளை ஏ.எல்.எஸ். எலிகளுக்கும் போட்டார்கள். 2018-இல் பர்டன் குழு: நரம்பு தசையை விட்டு விலகுவது தாமதமானது, எலிகள் கூடுதல் நாள் வாழ்ந்தன. 2019-இல் வேறொரு குழு, அதே வகை எலி, மஸ்கை உசுப்பும் எதிர்ப்பொருள்தான்: உதரவிதானத்தில் சந்திப்புகள் பிழைத்தன, ஆனால் எலிக்குச் செயலில் பயன் இல்லை. எதை நம்புவது? எலிக்கு வால் முளைத்தால் மனிதனுக்கும் முளைக்கும் என்று நம்பும் கூட்டம் பெருகிவிட்டது.

#12 நுண்ணோக்கி

ஐயம் அவர்களே, உங்கள் தந்தை பற்றிப் படித்து வருந்தினேன். 2019 ஆய்வை நான் மறைக்க நினைக்கவில்லை, நீங்கள் எடுத்து வைத்தது நல்லதுதான். ஏ.எல்.எஸ். நோயில் நரம்பணுவே உள்ளிருந்து அழிகிறது. தசைப் பக்கம் பிடியை இறுக்கினால் எவ்வளவு தூரம் தாங்கும் என்பதில் எனக்கும் ஐயம் உண்டு.

பிறவி மயஸ்தீனியா அப்படியல்ல. அங்கே உடைந்திருப்பதே இந்தச் சங்கிலிதான். டோக்-7 மரபணுவில் நான்கு எழுத்துகள் இரட்டிப்பாகிவிடும் பிழை ஒன்று பரவலாக உள்ளது. அதனால் புரதத்தின் வால் அறுந்துபோகிறது. அந்த வாலில் டைரோசின் என்ற அமினோ அமிலம் இரண்டு உண்டு, அவை போனதால்தான் நோய் என்று எல்லாரும் நம்பியிருந்தோம். 2021-இல் பர்டன் குழு அதே பிழையை எலியில் வைத்தது. இன்னொரு எலியில் வாலை விட்டுவிட்டு அந்த இரண்டு டைரோசினை மட்டும் மாற்றியது. முதல் எலிக்குட்டிகள் பிறந்த சில நாள்களிலேயே சாகின்றன. இரண்டாவது வகைக்கு அந்தக் கதி இல்லை. அப்படியானால் குற்றவாளி டைரோசின் அல்ல. வால் அறுந்த டோக்-7-ஆல் மஸ்கைப் போதிய அளவு உசுப்ப முடியவில்லை என்பதே காரணம். மஸ்கை வெளியிலிருந்து உசுப்பினால்? எதிர்ப்பொருள் போட்ட குட்டிகளில் சந்திப்புகள் உருவாயின, குட்டிகள் சாகாமல் வளர்ந்தன.

எனக்கு இதில் பிடித்தது வெற்றியை விட முதல் பாதி. பாடப்புத்தகத்தில் ஏறிவிட்ட காரணத்தை எடுத்துச் சோதித்து, இல்லை என்று கண்டுபிடித்தது.

மனிதரிடம்? ஆர்ஜென்எக்ஸ் நிறுவனம் இத்தகைய எதிர்ப்பொருளை டோக்-7 பிறவி மயஸ்தீனியாவுக்கும், நீங்கள் சந்தேகிக்கும் ஏ.எல்.எஸ். நோய்க்கும் மருத்துவச் சோதனைக்கு எடுத்துச் சென்றிருக்கிறது. பார்ப்போம்.

#13 தஞ்சை நரம்பியல்

டோக்-7 பேச்சு வந்ததால்: அந்தப் பிள்ளைகளுக்குப் பைரிடோஸ்டிக்மின் கொடுத்தால் பலர் இன்னும் தளர்ந்துபோவார்கள். ஆஸ்துமாவுக்குக் கொடுக்கும் சால்பியூட்டமால் மாத்திரை உதவுகிறது, ஆனால் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் மெதுவாக. நடக்கப் பழகும் வயதில் அடிக்கடி விழுந்து, "தசைச் சிதைவு நோய்" என்ற முத்திரையோடு பல ஆண்டு வாழும் பிள்ளைகளில் சிலர் உண்மையில் இவர்கள். மரபணுப் பரிசோதனை கேட்கத் தயங்காதீர்கள்.

#14 பழைய வாத்தியார்

எனக்கு ஒரு மனத்தாங்கல். முப்பத்தொரு ஆண்டும் "நரம்பு கட்டளையிடும், தசை கீழ்ப்படியும்" என்றே கரும்பலகையில் எழுதினேன். இந்த இழையைப் படித்தால் தசையும் ஏதோ பேசுகிறதுபோல் தெரிகிறதே?

#15 நுண்ணோக்கி

பேசுகிறது ஐயா, முதலில் பேசுவதே அதுதான். கருவில் நரம்பு வந்து சேரும் முன்பே தசையின் நடுப்பகுதியில் ஏற்பிகள் கூட ஆரம்பித்துவிடுகின்றன. 2001-இல் வெளியான ஆய்வுகள், பர்டனுடையது உட்பட, இதைக் காட்டின. மஸ்க் இல்லாவிட்டால் அந்தக் கூட்டமும் இல்லை. விருந்தாளி வருமுன் திண்ணையைப் பெருக்கி வைப்பதுபோல. 2012-இல் இன்னொன்றும் தெரிந்தது: தசையில் இருக்கும் எல்.ஆர்.பி.4 நரம்பு முனையைப் பார்த்து "இங்கே நில், இங்கே உன் பொட்டலங்களைச் சேர்த்துவை" என்று சொல்கிறது. தகவல் இரு பக்கமும் போகிறது.

#16 பழைய வாத்தியார்

சரி. என் பழைய மாணவர்கள் யாராவது இங்கே இருந்தால், குறிப்பேட்டில் அந்த வரியை அடித்துவிடவும்.

#17 ஒற்றைவரி

அடித்துவிட்டேன் சார். 1994, ஆ பிரிவு.

#18 நெறியாளர்

உறுப்பினர் இருவர் தனிமடலில் மருந்து அளவு கேட்டிருப்பதாகத் தெரிகிறது. தயவுசெய்து வேண்டாம். இழை திறந்தே இருக்கும்.

#19 தாடைக்காரி

நான்தான் அந்தத் தங்கை. அக்கா என்னைப் பற்றி ஊருக்கெல்லாம் எழுதியிருக்கிறாள் என்று தெரிந்ததும் கணக்குத் தொடங்கிவிட்டேன்.

திருத்தம் ஒன்று. தோசைக்கு நாற்பது நிமிடம் ஆகவில்லை, இருபத்தைந்துதான். அக்கா எதையும் ஒன்றரை மடங்காகத்தான் சொல்வாள். மாமியார் வீட்டில் பிரச்சினை எதுவும் இல்லை, என் மாமியார்தான் இரண்டாவது மருத்துவரைத் தேடிப் பிடித்தவர்.

ரிட்டக்ஸிமாப் இரண்டு ஊசி போட்டாகிவிட்டது, எட்டு வாரம் ஆகிறது. நேற்று ஐம்பது வரை எண்ணிப் பார்த்தேன். நாற்பத்தாறில்தான் மூக்கு வந்தது. பனங்கூடல் அக்காவுக்கு: அந்தப் பிள்ளைகளில் பிழைத்தவர்கள் கதை ஒன்று இருந்தால் எழுதுங்கள், இரவில் அதை நினைத்துக்கொண்டு படுக்கிறேன். மருத்துவர் ஐயாவுக்கு ஒரு கேள்வி: முறுக்கு எப்போது சாப்பிடலாம்?

#20 பனங்கூடல்

பிழைத்தவர்கள்தான் அதிகம் பிள்ளை. ஒன்பது வயதுப் பெடியன் ஒருவன், ஐந்தாம் நாள் குழாயை எடுத்ததும் முதல் சொல்லாகத் தன் சைக்கிளை யார் எடுத்தது என்று கேட்டான். மீதியை இரவு எழுதுகிறேன்.

#21 தஞ்சை நரம்பியல்

ஐம்பதை மூக்கு வராமல் தாண்டுங்கள், பிறகு முறுக்கைப் பற்றிப் பேசலாம். அதுவரை இடியாப்பம். காலையில், மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் கழித்து, நிமிர்ந்து உட்கார்ந்து.